கையால் முடுக்கிய நட்டு

மாமாவின் முன்சக்கரத்தை நான் மாட்டவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிரித்தது நான். கழுவியது நான். கிரீஸ் வைத்தது நான். மாட்டியது நான் இல்லை.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். உறுவையாற்றில் மாடு வைத்திருக்கிறார். விடியக் கறந்து, கேரியரில் இரண்டு பக்கமும் கேனை மாட்டிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் வந்து ஊற்றுவார். வயலை மனை போட்டு வீடு கட்டி வந்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் பால் வாங்குகிறார்கள். மோட்டார் வண்டி அவருக்கு ஓட்ட வராது. பழைய கறுப்புச் சைக்கிள்தான்.

அக்கா எனக்கு மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள். எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான்.

கரிக்கலாம்பாக்கம் கூட்டு ரோட்டில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து சைக்கிள் கடை வைத்திருந்தோம். பஞ்சர், செயின், பிரேக், பேச்சு எல்லாம் அவன். சக்கரம் நான். பெண்டு எடுப்பது, கம்பி மாற்றுவது, நடுவில் இருக்கிற ஹப்பைப் பிரித்துப் பூட்டுவது. வருகிறவர்களிடம் அவன் சிரித்துப் பேசுவான். நான் குனிந்தபடி இருப்பேன். ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. எனக்கும் அவனைப் பிடிக்கும். கடையில் அவனுடைய முருகன் படமும் இருக்கும், என்னுடைய மாதா படமும் இருக்கும். ஊதுவத்தி ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துக் காட்டுவான்.

முன்சக்கரத்து ஹப் பெரிய வேலை இல்லை. இரண்டு பக்கமும் நட்டைக் கழற்றினால் சக்கரம் ஃபோர்க்கை விட்டு இறங்கிவிடும். கூம்பு மாதிரி இருக்கிற கோனைத் திருகி எடுத்தால் ஆக்சில், நடுக்கம்பி, கையோடு வரும். உள்ளே பால்ஸ், குட்டி இரும்புக் குண்டுகள், கறுப்புக் களிம்பில் கிடக்கும். டீசலில் எல்லாவற்றையும் கழுவவேண்டும். கோனில் பள்ளம் விழுந்திருந்தால் வேறு போடவேண்டும். கப்பில் புதுக் கிரீஸைத் தடவி, பால்ஸை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும். ஒன்று குறைந்தாலும் சத்தம் வரும். அப்புறம் கோன். இறுக்கிவிட்டால் சக்கரம் பிடிக்கும். தளரவிட்டால் ஆடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கைக்குத் தெரியும்.

ஹப் பிரித்த சக்கரத்தை நான் அன்றைக்கே மாட்டமாட்டேன். கொக்கியில் தொங்கவிட்டுவிடுவேன். மறுநாள் ஒருதரம் சுற்றிவிட்டு, ஆட்டிப் பார்ப்பேன். பால்ஸ் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும். கோன் துளி இளகியிருக்கும். அதைச் சரிபண்ணித்தான் ஃபோர்க்கில் ஏற்றுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியே பழகிவிட்டது. கூட்டாளி கிண்டல் பண்ணுவான்.

“இன்னாடா, ஒன் சக்கரத்துக்கு பாயி தலகாணி போடட்டுமா? தூங்கி எழுந்து வரட்டும்.”

ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் கரகர என்றது. பிரித்தேன். ஒரு பக்கத்துக் கோன் தேய்ந்து போயிருந்தது. மாற்றினேன். சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினேன்.

“நாளைக்கு கட இல்ல மாமா. நாளன்னிக்கு வாங்க. மாட்டித் தரேன்.”

“நாளைக்குதான்டா பால் அதிகமா கேட்டிருக்காங்க. பாயசம் வெப்பாங்க இல்ல.”

“ஒரு நாளு ஆட்டோல போட்டு எடுத்தாந்துடுங்க.”

“ஒங்க அக்காவ கேக்கணும்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆயுத பூசையன்று கடை அவனுடையது. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தி, பம்பு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பான். படைத்ததை மறுநாள் காலையில் அவன்தான் எடுத்துத் தருவான். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் வருஷம் முழுக்க வேலை விளங்காது என்பான். நான் தொட்டதில்லை. அவன் சாமிக்கு அவன் கொடுக்கிற மரியாதை. நான் வேதக்காரன். எனக்கு அன்றைக்குக் கடையில் வேலை கிடையாது. பாகூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷமும் போனேன். சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அக்காதான். அழுகையில் பேச்சு சரியாகப் புரியவில்லை. மாமா விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரி என்பது மட்டும் புரிந்தது.

உறுவையாறு போகிற வழியில் வாய்க்கால் மதகு ஒன்று இருக்கிறது. ரோடு அங்கே ஏறி இறங்கும். இறக்கத்தில் சக்கரம் ஃபோர்க்கை விட்டு நழுவியிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த மாமா கேனோடு முன்னால் போய் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. முன்பல் போய்விட்டது. ரோடெல்லாம் பால் என்றார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூட்டாளி எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“இன்னாடா பண்ணி வெச்ச?”

எனக்குப் புரியவில்லை.

“சக்கரத்த மாட்டினியே, நட்ட முடுக்க மாட்டியா? ஒன் மாமனுக்கே இப்புடி செஞ்சா ஊராளுக்கு இன்னா செய்வ?”

“நா மாட்டலியேக்கா. கொக்கியில தொங்கவிட்டுட்டு இல்ல போனேன்.”

அக்கா கூட்டாளியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“நேத்தே மாட்டி வெச்சிட்டு போயிருந்தான்கா. மாமா காலைல வந்து கேட்டாரு. நா எடுத்துக் குடுத்தேன். அவ்ளோதான்.”

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாட்டினேனோ? அன்று சாயங்காலம் என்னென்ன செய்தேன் என்று யோசித்தேன். கை கழுவியது ஞாபகம் இருந்தது. சக்கரத்தைக் கொக்கியில் மாட்டியது ஞாபகம் இருந்தது. அப்புறம் எடுத்தேனா? இத்தனை வருஷம் கூட இருந்தவன் பொய் சொல்வானா? அவனைவிட என்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் நின்றது அக்காவுக்கு ஒப்புக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

சைக்கிளை யாரோ எடுத்துவந்து அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்தார்கள். மறுநாள் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனபோது பார்த்தேன். வலது பக்கத்து நட்டு இல்லை. இறக்கத்தில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இடது பக்கத்து நட்டு இருந்தது. இரண்டு விரலால் திருகினேன். வந்துவிட்டது. ஸ்பேனர் போட்டு முடுக்கிய நட்டு விரலுக்கு வராது.

திருப்பிப் பார்த்தேன். மரைக்குள் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சந்தனம். ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் குங்குமம். மேலே பொட்டு வைத்தால் மேலேதான் இருக்கும். இது உள்ளே, மரையில் இருந்தது. சந்தனக் கையோடு எடுத்து, சந்தனக் கையோடு திருகிய நட்டு. நான் கடையை விட்டுக் கிளம்பியபோது அங்கே சந்தனமே இல்லை. அவன் மறுநாள் காலையில்தான் அரைத்தான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. மாமா காலையில் வந்திருக்கிறார். அவசரம் என்றிருக்கிறார். ஸ்பேனர் படையலில் இருக்கிறது. இவன் சக்கரத்தை ஏற்றிக் கையால் முடுக்கிக் கொடுத்துவிட்டான்.

கோபம் அப்போது வரவில்லை. நான் மாட்டவில்லை என்பது தெரிந்ததில் உடம்பு லேசானது. அதுதான் முதலில்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் நட்டைக் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“பூச போட்ட கட. சந்தனம் இல்லாம இருக்குமா? பாவம், அவன் ராத்திரி முழுக்க இங்கியே கெடந்தான். அவன் தலையில கட்டப் பாக்குறியா?”

“அக்கா, நா...”

“போடா. மூஞ்சில முழிக்காத.”

அவனிடம் போனேன். கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். நட்டை அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். டியூபை அமுக்கியபடியே இருந்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது.

“நீதான மாட்டுன?”

டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தான்.

“அவரு நின்னுகினே இருந்தாருடா. பாலு திரிஞ்சி போவும்னாரு. போயி டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு மாட்டுனேன். ஸ்பேனர எப்புடிடா தொடறது? படச்சி கற்பூரம் காட்டிட்டேன். நல்லாதான் முடுக்கினேன், கையாலயே. பல்லக் கடிச்சிகினு முடுக்கினேன்.”

“அவருகிட்ட சொன்னியா?”

“இன்னா சொல்றது?”

“கையாலதான் முடுக்கிருக்கேன், நாளைக்கு வந்து ஸ்பேனர் போட்டுக்கோங்கன்னு.”

“பூச அன்னிக்கு வேல செஞ்சன்னு எப்புடிடா என் வாயால சொல்றது? சைக்கிள் உள்ள இருந்ததால அவருக்கு தெரியல, நீ முந்தின நாளே மாட்டிட்டன்னு சொல்லி குடுத்துட்டேன்.”

“ஆஸ்பத்திரில அக்காகிட்ட?”

டியூபைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“பயந்துட்டேன்டா. அக்கா அந்த அழுவ அழுவுறாங்க. நீ தம்பி. ஒன்ன இன்னா செஞ்சிடுவாங்க? ரெண்டு திட்டுவாங்க, அப்புறம் சேத்துப்பாங்க. நா வெளியாளு. என்ன சும்மா விடுவாங்களா?”

அது எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்பேனரைத் தொடாததும் புரிந்தது. அவசரத்தில் யாருக்கும் நடக்கும்.

“ஊருக்கு சொல்ல வேணாம். அக்காகிட்ட மட்டும் சொல்லிடு. நானும் கூட வரேன். ஒண்ணும் ஆவாது.”

“சொல்றேன்டா. மாமா வூட்டுக்கு வரட்டும். நானே வந்து சொல்றேன்.”

என் கையைப் பிடித்துச் சொன்னான். நம்பினேன்.

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் ஒருத்தர் உட்கார்ந்தபடியே சொல்வார்.

“வாப்பா. மாமனுக்கு ரெக்க கட்டி பறக்கவிட்டியாமே?”

இன்னொருத்தர், “இவன்கிட்ட சைக்கிள் வுட்டா சைக்கிள் தனியா வரும், சக்கரம் தனியா வரும்பா. ரெண்டு வண்டி லாபம்” என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள். கூட்டாளியும் அங்கே இருப்பான். சிரிக்கமாட்டான். “சும்மா இருங்கபா, அவனே நொந்து போயிருக்கான்” என்பான். அவன் நல்லவன் என்று அதற்கும் பேர் வந்தது.

சக்கர வேலை வருவது நின்றது. ஹப் என்று வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, “காத்து மட்டும் அடிச்சி குடுங்க” என்று அவனிடம் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை. அக்கா பேசவில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கதவால் வருவதைப் பார்த்தால் அவள் அடுத்த கதவால் போனாள். என் பெண்சாதி கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

மாமாவைத் தொடையில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டாளி தானாகவே, “வாடா, இன்னிக்கு போலாம்” என்றான். ஆப்பிள் வாங்கிக்கொண்டான். வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் அவன் பேசவே இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறான் என்று நினைத்தேன். எனக்கே அவன்மேல் இரக்கமாக இருந்தது.

மாமா கட்டிலில் இருந்தார். அக்கா வாசற்படியிலேயே நின்றாள். என்னை வா என்று சொல்லவில்லை. கூட்டாளி ஆப்பிள் பையை வைத்துவிட்டு, நேராக அக்கா முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா, அவன மன்னிச்சிடுக்கா. வேணும்னு பண்ணல. அவன் கை தப்பு பண்ணாத கைக்கா. அன்னிக்கு ஏதோ மறந்துட்டான். எனக்காக மன்னிச்சிடுக்கா.”

நான் அவன் பின்னால் நின்றிருந்தேன். காதில் விழுந்தது. விழுந்தது சரிதானா என்று கொஞ்சநேரம் தெரியவில்லை.

அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“பாத்தியா? கூடப்பொறக்காதவன் ஒனக்காக வந்து அழுவுறான். நீ மரம் மாதிரி நிக்குற. வாயத் தொறந்து ஒரு வார்த்த, தப்பு பண்ணிட்டேன்கான்னு வருதா ஒனக்கு?”

வரவில்லை. பண்ணாததை எப்படிச் சொல்வது? அவன்தான் பண்ணினான் என்று சொன்னால், அழுகிறவன் மேல் பழி போட்டவன் ஆவேன். அவன் அழுதது நடிப்பு இல்லை. உண்மையாகவே அழுதான். அதுதான் என்னை அடித்துப் போட்டது.

மாமா கட்டிலில் இருந்தபடி, “வுடு, பையன திட்டாத” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மதகுகிட்டே வண்டியை நிறுத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

“நல்லதுக்குதான்டா பண்ணேன். நீ பேசவே மாட்ட. நா பேசி முடிச்சிட்டேன். இனிமே அக்கா சரியாயிடுவாங்க பாரு.”

நான் வண்டியைவிட்டு இறங்கி நடந்தேன். பின்னாலேயே வந்தான். “டேய் வாடா, இன்னாடா இது” என்று கூப்பிட்டபடி வந்தான். கொஞ்சதூரம் வந்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் என் சாமான்களை எடுத்துக்கொண்டேன். மாதா படத்தையும் எடுத்துக்கொண்டேன். அந்த இடத்துச் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவன் தடுக்கவில்லை. ஊரில், தப்பும் பண்ணிவிட்டு வீம்பும் பண்ணுகிறான் என்று பேசினார்கள். வீட்டுப் பக்கத்தில் தகரம் போட்டு உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சைக்கிள் வந்தது. அது போதவில்லை. கொஞ்சநாள் செங்கல் சூளைக்கும் போனேன்.

மாமா எழுந்து நடக்க வெகுநாள் ஆனது. அடுத்த வருஷம் மழை ஆரம்பிக்கும் நேரம், கூட்டாளி என் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு முன்சக்கரம். பார்த்ததும் தெரிந்தது. மாமா சைக்கிளுடையது.

“மாமா திரும்ப ஓட்டணுங்கிறாரு. அக்கா என்கிட்ட குடுத்தாங்க. ஒன்கிட்ட குடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நா ஹப்ப பிரிச்சேன். கோனு ஒக்காரவே மாட்டேங்குதுடா. இறுக்குனா புடிக்குது, வுட்டா ஆடுது.”

வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். கிரீஸ் வெளியே வழிந்திருந்தது. உள்ளே பால்ஸ் குறைவாக இருக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

“அக்காவுக்கு போன் போடு” என்றேன். “யாரு மாட்டுனதுன்னு சொல்லு. அப்புறம் பிரிக்கிறேன்.”

போனை எடுத்தான். போட்டான். அக்கா குரல் எனக்கும் கேட்டது. அவ்வளவு நாள் கழித்து அவள் குரலைக் கிட்டத்தில் கேட்டேன்.

“அக்கா, சக்கரம் ரெடியாவுதுக்கா. நாளைக்கு கொண்டாறேன்” என்றான். கட் பண்ணிவிட்டான்.

என்னைப் பார்த்துச் சொன்னான். “இத போன்லயாடா சொல்றது? நேர்ல சொல்றேன்.”

சக்கரத்தைத் தூக்கி அவன்மேல் எறிந்திருக்கலாம். எறியவில்லை. மாமா ஏறப்போகிற சக்கரம் அது. நான் செய்யாவிட்டால் அவன் அப்படியே கொண்டுபோய் மாட்டிவிடுவான்.

“சைக்கிள கொண்டா. சக்கரத்த மட்டும் ஒன்கிட்ட குடுக்கமாட்டேன்.”

பிரித்தேன். பால்ஸ் குறைவாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிது போட்டேன். கோன் இரண்டும் புதிது. மறுநாள் காலையில் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சுற்றிப் பார்த்துச் சரிபண்ணி, ஃபோர்க்கில் ஏற்றி, வாஷர் வைத்து, ஸ்பேனர் போட்டு முடுக்கினேன். அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஏறி உறுவையாறு பக்கம் போனான். நேரில் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னாள். போனேன். சட்டையெல்லாம் புதிது போட்டுக்கொண்டு போனேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சோறு போட்டாள். கறியை அள்ளி வைத்தாள். சின்ன வயதில் வைப்பது மாதிரியே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா திரும்ப பால் ஊத்துறாரு. சக்கரம் அப்புடி வழுக்கிகினு போவுதாம். ஒன் கூட்டாளி கைக்கு மோதிரம் போடணும்.”

நான் சாப்பிட்டேன்.

“நானும் மனச தேத்திக்கினேன்டா. நடந்தது நடந்துபோச்சி. நீயும் அவன்கிட்ட போயி சேந்துக்கோ. அவன் ஒம்மேல ஒண்ணும் வெச்சிக்கல.”

மாமா வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தையே பார்த்தாள். பதில் எதிர்பார்த்தாள்.

“சரிக்கா” என்றேன்.

இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள்.

இப்போது அக்கா பேசுகிறாள். கோயிலில் நான் வருகிற கதவாலேயே வருகிறாள். என் பெண்சாதி கொடுத்தனுப்புகிற பாத்திரம் காலியாகத் திரும்பி வருகிறது. ஏன்டா இன்னும் அவன் கடைக்குப் போகவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். வீட்டிலேயே வேலை சரியாக இருக்கிறது என்கிறேன். வீம்பு பிடித்தவன் என்று தலையில் தட்டுகிறாள்.